மூன்று ஃபில்டரும் ஒரு நடுநிலையும்

"சிவப்புதான் நல்லதுன்னு எழுதிட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது," என்றாள் மனைவி.

சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடிக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவே, காருக்குப் போடும் ஆயில் ஃபில்டர்கள் மூன்று உட்கார்ந்திருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். மூன்றும் ஒரே உயரம், ஒரே பருமன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, சிவப்பின் இடுப்பைச் சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது. அளக்கணும், அறுக்கணும், உள்ளே பார்க்கணும்."

"என் தம்பி விக்கிற சாமானை அறுத்துப் பார்க்கணுமா? ஏன், அவன் மேல நம்பிக்கை இல்லையா?"

"அவனை அறுக்கப் போறதில்லையே. ஃபில்டரைத்தானே?"

மனைவி சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் சற்றுப் பலமாகவே போட்டாள்.

இவர் நாற்பத்திரண்டு வாடகைக் கார்கள் ஓடும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். இருபத்திரண்டு வருடங்களாக டயர் வந்தாலும் துடைப்பம் வந்தாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவரை 'இஞ்ச்டேப்' என்பார்கள். நாமும் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் அப்படியே அழைப்போம்.

போன மாதம் ஒரு கார் நடு ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், ஆயில் ஃபில்டரின் உள்ளே இருந்த காகிதம் பிய்ந்து கூழாகிக் கிடந்தது. முதலாளி அன்றைக்கே உத்தரவு போட்டார்: எல்லாக் கார்களுக்கும் இனி ஒரே கம்பெனி ஃபில்டர்தான், எது என்று வெள்ளிக்கிழமைக்குள் இஞ்ச்டேப் முடிவு சொல்ல வேண்டும்.

சாதாரண வேலைதான். ஆனால் சிவப்பு ஃபில்டருக்கு ஏஜென்டாக இருப்பவன் இஞ்ச்டேப்பின் மச்சினன். நீல ஃபில்டருக்கு ஏஜென்ட் முதலாளியின் அக்கா வீட்டுக்காரர். மஞ்சளுக்கு மட்டும் சொந்தபந்தம் கிடையாது; அது பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வந்த அனாதை.

மச்சினன் எட்டு மாதமாக இவர்கள் வீட்டு ஹாலில் உள்ள சோஃபாவில் குடியிருந்தான். கைபேசி உறை விற்றான், குடைக்கு ஏஜென்சி எடுத்தான், தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்கச் சொல்லிப் படியேறினான், எதுவும் ஒட்டவில்லை. சோஃபாதான் ஒட்டிக்கொண்டது. டிவி ரிமோட் அவன் தலையணைக்கு அடியில். இஞ்ச்டேப் செய்தி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

"இந்த ஆர்டர் மட்டும் கிடைச்சா அடுத்த வாரமே தனி வீடு பார்த்துப் போயிடுவேன் மாமா," என்று அவன் சொல்லியிருந்தான்.

இதைக் கேட்டதிலிருந்து இஞ்ச்டேப்புக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது. சிவப்பு ஜெயித்தால் சோஃபா திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆசைப்பட்டு முடிவு சொன்னால் இருபத்திரண்டு வருடப் பெயர் போய்விடும். அந்த மனிதருக்கு இந்த இரண்டும் வேண்டியிருந்தன. அதுதான் அவருடைய கஷ்டம்.

"ரொம்ப உறுதியான சாமான் மாமா," என்று மச்சினன் சோஃபாவிலிருந்து எழுந்து வந்தான். "பாருங்க!"

சிவப்பு ஃபில்டரைத் தரையில் வைத்து அதன் மேல் ஒற்றைக் காலால் ஏறி நின்றான். ஃபில்டர் 'டக்' என்றது. இறங்கிப் பார்த்தால் வயிற்றில் கட்டைவிரல் அளவு ஒரு நசுங்கல்.

"உடையலை பாருங்க," என்றான் மச்சினன்.

*

திங்கட்கிழமை காலை, வழியில் இஞ்ச்டேப்புக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. எது யாருடையது என்று தனக்கே தெரியாமல் போய்விட்டால் என்ன? மூன்றுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, நம்பர் போட்டுவிட்டால், அறுத்துப் பார்க்கும்போது மனசு எந்தப் பக்கமும் சாய முடியாதே! தன்னுடைய நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும். டைப்பிஸ்டைக் கேட்டால் ஊருக்கே சொல்லிவிடுவார். கடைசியில் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காதான் சரி என்று தோன்றியது. அந்த அக்கா அதிகம் பேச மாட்டார். காலை ஆறு மணிக்கு வருவார், பன்னிரண்டு அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வேலைக்குப் போய்விடுவார். அது என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அலுவலகம் அவரைக் கவனித்திருந்தது. "அக்கா நகத்துல தினம் ஒரு கலர் பாரு, நமக்கெல்லாம் அந்த ஆசைகூட இல்லை," என்று டைப்பிஸ்ட் சொல்வதுண்டு.

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, இஞ்ச்டேப் மூன்று ஃபில்டர்களையும் பெஞ்சின் மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும்.

அக்கா ஃபில்டர்களைப் பார்த்தார். அப்புறம் இஞ்ச்டேப்பைப் பார்த்தார். "சார், இந்த டப்பாங்க..."

"அக்கா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. இது ரொம்ப ரகசியம். மூணுக்கும் கறுப்பு அடிங்க. பேரு, கலரு, ஒண்ணும் தெரியக் கூடாது. காய்ஞ்சதும் உங்க இஷ்டப்படி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வெள்ளையில நம்பர் போடுங்க. எந்த நம்பர் எந்தக் கலருன்னு ஒரு சீட்டுல எழுதிக் கவர்ல வெச்சு ஒட்டிடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்."

"அது சரி சார். ஆனா இது மூணும்..."

"அக்கா! வெள்ளிக்கிழமை மீட்டிங் முடியற வரைக்கும் இந்த ஃபில்டரைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எங்கிட்டகூட! என் மானம் உங்க கையில இருக்கு."

மானம் என்றதும் அக்கா வாயை மூடிக்கொண்டார்.

இஞ்ச்டேப் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் போன வருடக் காலண்டர். ஆயிரம் எண்ணுவதற்குள் "ஆச்சு சார்" என்று குரல் வந்தது. திரும்பினால் மூன்று ஃபில்டர்களும் கன்னங்கரேலென்று பளபளத்தன. ஒரு சொட்டு வழியவில்லை, ரப்பர் வளையத்தில் ஒரு துளி படவில்லை.

"எப்படி அக்கா இவ்வளவு சுத்தமா அடிச்சீங்க?"

"பழக்கம் சார்," என்றார் அக்கா.

கவரின் ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் ஸ்டோர் சாவியோடு மாட்டிக்கொண்டார் இஞ்ச்டேப். பிறகுதான் ஃபில்டர்களை ஒருமுறை தடவிப் பார்த்தார். மூன்றாம் நம்பரின் வயிற்றில் கட்டைவிரல் அளவு ஒரு நசுங்கல்.

அவருக்கு வியர்த்துவிட்டது. மச்சினன் ஏறி நின்ற நசுங்கல்! சிவப்புதான் மூன்று என்று இப்போது தெரிந்துவிட்டதே! தெரிந்ததை எப்படித் தெரியாமல் ஆக்குவது?

பத்து நிமிடம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சுத்தியலை எடுத்துவந்து, ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் அதே இடத்தில், அதே அளவில், இஞ்ச் டேப்பால் அளந்து அளந்து ஆளுக்கொரு நசுங்கல் வைத்தார். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிவிட்டு, நம்பர் மேலேயே தெரிகிறது என்பதைக் கண்ணைத் திறந்ததும்தான் கவனித்தார்.

"இது என்ன கூத்து?" என்றது வாசலில் ஒரு குரல். கம்பெனி மெக்கானிக், கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி நின்றிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் நீளமாக மூச்சை இழுத்தார். அது திட்டுவதற்கு முன்னால் எடுக்கும் மூச்சு.

"ஃபில்டருக்குள்ள மடிச்சு மடிச்சுக் காகிதம் வெச்சிருக்கான் சார். வெளியில அடிச்சா உள்ள மடிப்பு நகரும், ஒட்டின இடம் விடும். அப்புறம் அறுத்துப் பார்த்துட்டு, காகிதம் கோணலா இருக்கு, பசை விட்டிருக்குன்னு சொன்னா, அது அவன் செஞ்ச கோளாறா, நீங்க சுத்தியால செஞ்ச கோளாறா?"

"அப்ப?"

"வேற மூணு வாங்கிட்டு வாங்க."

*

வேறு மூன்று என்றால் ஏஜென்டுகளிடம் மறுபடி கேட்க வேண்டும். நீலத்தின் ஏஜென்ட் போனிலேயே எகிறினார்.

"குடுத்த பீஸ் என்னாச்சு?"

"அது... கொஞ்சம் நசுங்கிடுச்சு."

"நசுங்கிடுச்சா, நசுக்கினீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் இஞ்ச்டேப். "நசுக்கினேன். ஆனா நல்லெண்ணத்துலதான் நசுக்கினேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேஜைக் கண்ணாடியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே பேசினார். "எங்க மாமா பீஸை சுத்தியால அடிச்சீங்களாமே?"

"மூணையும் சமமா ஆக்கறதுக்காக..."

"உங்க மச்சினன் ஏஜென்டுன்னு எனக்கும் தெரியும். அவன் உங்க சோஃபாவுல படுத்திருக்கறதும் தெரியும். இத்தனை வருஷத்துல உங்க மேல நான் சந்தேகப்பட்டதில்லை. எங்க மாமா பக்கமும் சாய வேண்டாம், உங்க மச்சினன் பக்கமும் சாய வேண்டாம். சாஞ்சீங்கன்னு தெரிஞ்சா ஸ்டோர் சாவியை இந்த மேஜை மேல வெச்சிட்டுப் போயிடலாம்."

இஞ்ச்டேப் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

வீட்டில் மச்சினன் புதுச் சிவப்பு ஃபில்டரோடு தயாராக இருந்தான். இந்தமுறை அதைத் துண்டில் சுற்றி, சோஃபாவின் மூலையில் சாய்த்து வைத்திருந்தான். புதன்கிழமை காலை இஞ்ச்டேப் அதைப் பையில் போடும்போது எதேச்சையாக அடிப்பக்கம் பார்த்தார். நடுத் துளைக்குள், மரை ஆரம்பிக்கும் இடத்தில், சின்னதாக ஒரு ரோஜா நிறப் புள்ளி.

அவர் நிமிர்ந்து மனைவியின் விரல்களைப் பார்த்தார். அதே ரோஜா நிறம்.

"இது என்ன?"

"நான்தான் வெச்சேன்," என்றாள் மனைவி, அசராமல். "கறுப்பு அடிச்சுட்டா எது என் தம்பியோடதுன்னு உங்களுக்குத் தெரியாதாம். தெரியாம எதையாவது எழுதித் தொலைச்சுட்டீங்கன்னா? ஒரு அடையாளம் இருந்தா உங்களுக்குத்தானே சௌகரியம்?"

இஞ்ச்டேப் கத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த நெயில் பாலிஷ் பாட்டிலைக் குடு," என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் முதல்முறையாக வழிக்கு வந்திருக்கிறார்! பாட்டிலோடு கூடவே ஒரு டம்ளர் காபியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் காபியைக் குடித்தார், பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார், அலுவலகம் போனார், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் அதே இடத்தில் அதே அளவில் ஆளுக்கொரு புள்ளி வைத்தார்.

சாயங்காலம் வந்து நடந்ததை அவரே பெருமையாகச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் காபி நின்றுபோனது. பேச்சும் நின்றுபோனது. மச்சினன் மட்டும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

ஆனால் அன்று காலையிலேயே இன்னொரு காரியம் நடந்திருந்தது. அக்காவை மறுபடி ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு, புது மூன்றையும் காட்டி, "மறுபடியும் ஒரு தடவை அக்கா. இந்தத் தடவை நம்பரை வேற மாதிரி மாத்திப் போட்டு, புதுச் சீட்டு எழுதிப் புதுக் கவர்ல ஒட்டிடுங்க," என்றார் இஞ்ச்டேப். அக்காவின் நக ஓரங்களில் அன்றைக்கு நீலம் தெரிந்தது. இந்த வயதில் நெயில் பாலிஷ் மேல் ஆசை எல்லாருக்கும்தான் இருக்கிறது என்று மனைவியை நினைத்து அவர் கசப்பாகச் சிரித்துக்கொண்டார்.

"சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசக் கூடாதுன்னீங்க. ஆனா நீங்க இப்படி அல்லாடறதைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலை. ஒரே ஒரு விஷயம்..."

"வேண்டாம் அக்கா! நீங்க ஏதாவது சொல்லி, அதுல ஒரு சின்னத் துப்பு எனக்குக் கிடைச்சுதுன்னா, மறுபடியும் மூணு பீஸ் கேக்கணும். நீலக்காரர் என்னையே சுத்தியால அடிப்பார்."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். தோள் ஏன் அப்படிக் குலுங்குகிறது என்று சுவரைப் பார்த்து நின்ற இஞ்ச்டேப்புக்குத் தெரியாது.

*

வியாழக்கிழமை அறுவை. இஞ்ச்டேப் ரம்பம் கொண்டுவந்திருந்தார். மெக்கானிக் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"ரம்பத்தால அறுத்தா இரும்புத் தூள் உள்ள கொட்டும். அப்புறம் ஃபில்டருக்குள்ள தூள் இருக்குன்னு அதையும் ரிப்போர்ட்டுல எழுதுவீங்க." டப்பா மூடியைத் திறப்பதுபோல் சுற்றி வெட்டும் ஒரு கட்டரை அவர் எடுத்தார். ஒன்றாம் நம்பரைச் சுற்றி நாலு சுற்று. மூடி கையோடு வந்தது.

இஞ்ச்டேப் குனிந்து பார்த்தார். காகிதத்தை வெளியே எடுத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஐம்பத்திரண்டு. இரண்டு இடத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் பசை வழிந்து கட்டியாகியிருந்தது. இன்னொரு ஓரத்தில் பசையே இல்லை, நகத்தை விட்டால் இடைவெளி தெரிந்தது.

"இந்த வழியா அழுக்கு ஆயில் வடிகட்டாமலே இன்ஜினுக்குப் போயிடும்," என்றார் மெக்கானிக்.

"அயோக்கியன்," என்றார் இஞ்ச்டேப், செய்தவன் எதிரே நிற்பதுபோல.

இரண்டாம் நம்பரைத் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மடிப்பு ஐம்பத்தாறு, சீப்பின் பல் மாதிரி ஒரே வரிசை. பசை எல்லா இடத்திலும் மெல்லிசாக, சமமாக. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் தகடு அழுத்திவிட்டால் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. காகிதம் அடைத்துக்கொண்டால் திறக்க வேண்டிய ஸ்பிரிங்கை மெக்கானிக் கட்டைவிரலால் அமுக்கினார். இதமாகப் போய் இதமாகத் திரும்பியது.

"இதைச் செஞ்ச கை பொறுமையான கை சார்," என்றார் மெக்கானிக். அவர் ஒன்றைப் பாராட்டி இஞ்ச்டேப் கேட்டதில்லை.

மூன்றாம் நம்பர் நடுவாந்திரம். மடிப்பு ஐம்பத்தைந்து, ஆனால் சுருண்டு நின்றன. ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அன்று மத்தியானமே இஞ்ச்டேப் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். மடிப்புக் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்காம் பக்கத்துக்கு மேல் அவருக்கு உணர்ச்சி பெருகிவிட்டது. 'ஒன்றாம் நம்பரைத் தயாரித்த நிறுவனத்துக்கு மனசாட்சி என்ற ஒன்று கிடையாது' என்று எழுதினார். 'மூன்றாம் நம்பர் நிறுவனம் தூங்கிக்கொண்டே தொழில் செய்கிறது' என்று எழுதினார். 'இரண்டாம் நம்பர் நிறுவனத்தின் தொழில்பக்தியை வணங்குகிறேன்' என்று எழுதி, வணங்குகிறேன் என்பதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

எழுதி முடித்தபின் பூட்டிய இழுப்பறையைப் பார்த்தார். ரெண்டு சிவப்பா இருக்கக் கூடாதா, என்று நினைத்தார். உடனே தன் கன்னத்தில் தானே மெல்லத் தட்டிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை முதலாளியின் அறையில் நாற்காலி போதவில்லை. முதலாளி நடுவே. வலப்பக்கம் அவருடைய அக்கா வீட்டுக்காரர், இடப்பக்கம் புதுச் சட்டை போட்ட மச்சினன். சுவரோரம் மெக்கானிக். மேஜையில் செய்தித்தாள் விரித்து, அறுத்த மூன்று ஃபில்டர்களும் நம்பரோடு வைக்கப்பட்டிருந்தன.

"கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கையால எடுத்துப் பாருங்க," என்றார் இஞ்ச்டேப். "அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது."

நீலக்காரர் இரண்டாம் நம்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆகா. இதுல சந்தேகமே இல்லை. இதான் சாமான்." அவர் முகத்தில் தன் குழந்தையை அடையாளம் கண்ட பூரிப்பு. ஒன்றாம் நம்பரின் பசைக் கட்டியைச் சுரண்டிவிட்டு, "இதைச் செஞ்சவனைக் கட்டி வெச்சு உதைக்கணும்," என்றார்.

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றான் மச்சினன்.

இஞ்ச்டேப் ரிப்போர்ட்டின் ஏழு பக்கத்தையும் குரல் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். மனசாட்சி வந்த இடத்தில் நீலக்காரர் தலையாட்டினார். தொழில்பக்தி வந்த இடத்தில் மச்சினன் கை தட்டினான். முதலாளிகூட, "பிரமாதம்," என்றார். அந்த ஒரு நிமிடம் இஞ்ச்டேப்பின் வாழ்க்கையில் மிக நல்ல நிமிடம். அவர் கழுத்துச் சங்கிலிச் சாவியால் திறந்து எடுத்துவந்திருந்த கவரை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி குறுக்குக் கையெழுத்தைச் சரிபார்த்து, கிழித்து, சீட்டை வாசித்தார்.

"ஒண்ணு, நீலம்."

நீலக்காரரின் கையிலிருந்த பசைக் கட்டி கீழே விழுந்தது.

"ரெண்டு, சிவப்பு. மூணு, மஞ்சள்."

மச்சினன் துள்ளிக் குதித்தான். இஞ்ச்டேப்பின் கண் முன்னால் ஹால் சோஃபா விரிந்து, அகன்று, காலியாகத் தெரிந்தது. நியாயமும் ஜெயித்து, தானும் ஜெயித்துவிட்டோம் என்று அவர் சிரிக்க வாயைத் திறந்தார். ஆனால் அறையில் மச்சினனைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நாடகம்!" என்று நீலக்காரர் எழுந்தார். "சுத்த நாடகம்! முதல் பீஸை சுத்தியால அடிச்சாரு. அப்புறம் வீட்டுலேர்ந்து நெயில் பாலிஷ் கொண்டுவந்து புள்ளி வெச்சாராம். எனக்கு எல்லாம் தெரியும்! சொந்த மச்சினன் சாமானுக்குத் தொழில்பக்தி, என் சாமானுக்கு மனசாட்சி கிடையாதா?"

"புள்ளி மூணுக்கும்தான் வெச்சேன்!"

"புள்ளி எதுக்குய்யா ஃபில்டருக்கு?"

இஞ்ச்டேப் ரிப்போர்ட்டைப் புரட்டினார்; ஏழு பக்கத்தில் புள்ளியைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதலாளி சீட்டை மடித்து மேஜையில் வைத்தார். கோபமாகக் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் வருத்தமாகப் பேசினார். "இருபத்திரண்டு வருஷம். கடைசியில ஒரு சோஃபாவுக்காகவா?"

சோஃபா மேல் ஆசை இருந்தது உண்மை. ஆனால் ஏமாற்றவில்லை என்பதும் உண்மைதானே? இதை எப்படி அளந்து காட்டுவது? சங்கிலியைக் கழற்றப் போன இஞ்ச்டேப் சட்டென்று நிறுத்தினார்.

"ஒரு சாட்சி இருக்கு முதலாளி! பெயிண்ட் அடிச்சு நம்பர் போட்டது நம்ம கூட்டற அக்கா. அவங்களைக் கேளுங்க!"

அக்கா வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. பை ஏற்கெனவே தோளில் தொங்கியது.

"நீங்கதானே இதுக்கெல்லாம் கறுப்பு அடிச்சீங்க?" என்றார் முதலாளி. "எது எந்தக் கம்பெனின்னு இவர் ஒளிஞ்சு பார்த்தாரா? பயப்படாம உண்மையைச் சொல்லுங்க."

அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. இஞ்ச்டேப்பின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. இப்ப வாயைத் திறக்கலாமா சார்?"

"திறங்க அக்கா, தாராளமாத் திறங்க! என் மானத்தைக் காப்பாத்துங்க!"

"சத்தியமா அவர் சுவத்தைப் பார்த்துக்கிட்டுதான் நின்னாரு முதலாளி, தலையைக்கூடத் திருப்பலை," என்றார் அக்கா. இஞ்ச்டேப்பின் மார்பு நிமிர்ந்தது. அக்கா ஒன்றாம் நம்பரைக் கையில் எடுத்து, பசைக் கட்டியை நீலம் ஒட்டிய நகத்தால் தட்டிப் பார்த்தார். "பசை போடற பொண்ணு போன்ல பேசிக்கிட்டே போட்டிருப்பா, அதான் இப்படி."

"எந்தப் பொண்ணு?" என்றார் முதலாளி.

"மத்தியானத்துல நான் வேலைக்குப் போற ஃபில்டர் ஷெட்டுலதான் முதலாளி, இவர் திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இது மூணுக்கும் முதல்ல கலர் அடிச்சதே நான்தான், எல்லாம் ஒரே குவியல், அன்னிக்கு எந்த பெயிண்ட் டப்பா திறந்திருக்கோ அதான் கம்பெனி!"